தங்கப்பழம் பேசிய நான்கு நிமிடம்

உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இந்தப் பெட்டிமேல் உட்காருங்கள். உள்ளே ஆம்ப்ளிஃபயர்தான் இருக்கிறது, ஒன்றும் ஆகாது.

பொன்னுத்தாய் இப்போது எங்கே குடியிருக்கிறாள் என்றுதானே கேட்டீர்கள்? தெரியும். இந்த ஆவுடையூரில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். சரியான ஆளிடம்தான் உங்களை அனுப்பியிருக்கிறார்கள். யார் அனுப்பியது, டீக்கடைக்காரனா? "மைக் சண்முகையாவைக் கேளுங்க" என்றிருப்பான். என் பெயர் செவ்வேள். சண்முகையா என்பது பள்ளிக்கூடத்தில் கொடுத்த பெயர். கட்சிக்கு வந்த அன்றே நான் அதை மாற்றிக்கொண்டேன். இந்த ஊர்தான் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை.

நீங்கள் புது எம்.எல்.ஏ. அம்மாவின் உதவியாளர். மதுரைப் பக்கம். நல்லது. இன்று மாலைக்குள் பொன்னுத்தாயைக் கலெக்டர் அலுவலகத்துக்கு அழைத்துப் போக வேண்டும். தீயணைப்பு நிலையம் கட்ட என் நிலத்தைத் தருகிறேன் என்று அவள் தன் வாயால் அங்கே சொல்ல வேண்டும். தவறினால் நிலையம் வேறு ஊருக்குப் போய்விடும். சரிதானே? நான் ஒருமுறை கேட்டால் போதும், அப்படியே திருப்பிச் சொல்வேன். மைக் பிடித்தவனுக்கு அது வேண்டும்.

சொல்கிறேன். ஆனால் இது இரண்டாவது முறை என்பது உங்களுக்குத் தெரியுமா? தெரியாதா? பாருங்கள், அதைத்தான் சொல்கிறேன். முதல் முறை எப்படிக் கெட்டது என்று தெரியாமல் இரண்டாவது முறை கிளம்பக் கூடாது. கெடுத்தவர் பெயர் தங்கப்பழம். ஐந்து வருடம் இந்தத் தொகுதிக்கு எம்.எல்.ஏ. அந்தப் பெயரைச் சொன்னாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. இருந்தாலும் உங்களுக்காகச் சொல்கிறேன்.

முதலில் நான் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். தலைவர் வருகிறவரை பேசுகிறவன் நான். கூட்டம் ஆறு மணிக்கு என்று போஸ்டரில் இருக்கும். தலைவர் ஒன்பது மணிக்கு வருவார். நடுவில் இருக்கிற நேரம் முழுக்க என்னுடையது. "இதோ, ஆவுடையூர் எல்லையைத் தொட்டுவிட்டார் நம் தலைவர்" என்பேன். அவர் அப்போதுதான் எங்கோ ஒரு லாட்ஜில் குளித்துக்கொண்டிருப்பார். ஒரு ஆள் எழுந்து போக மாட்டான். ஒருமுறை மழை கொட்டியது. ஜமுக்காளத்தைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். 'அவர் வருகிறார்' என்ற இரண்டே சொல்லை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் ஒரு கூட்டத்தைக் கட்டி வைக்க இந்த மாவட்டத்தில் என்னைவிட்டால் ஆள் கிடையாது. இதை நானாகச் சொல்லவில்லை, மாவட்டச் செயலாளரே மேடையில் சொல்லியிருக்கிறார்.

தங்கப்பழத்துக்குப் பேச வராது. அவருக்கு போர்வெல் வண்டி இருந்தது, இரண்டு லாரி. சீட்டு எப்படிக் கிடைத்தது தெரியுமா? எங்கள் ஊரில் கட்சிக்கு இரண்டு பெரிய தலைகள். இவருக்குக் கொடுத்தால் அவர் வேலை செய்ய மாட்டார், அவருக்குக் கொடுத்தால் இவர் வேலை செய்ய மாட்டார். "இரண்டு பேரும் வேண்டாம், வேறு யார் இருக்கிறார்கள்?" என்று தலைமை கேட்டது. கட்சி அலுவலகத்துக்குக் காசு வாங்காமல் போர் போட்டுக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு எதையும் கேட்டு வராத ஆள் ஒருவர் இருந்தார். அவ்வளவுதான் அவருடைய தகுதி.

தேர்தலுக்கு ஜீப்பில் முன்னால் போனவன் நான். 'வறண்ட பூமியில் ஊற்றெடுத்த வள்ளல்' என்று அவருக்குப் பட்டம் கொடுத்தேன். நன்றாக இருக்கிறதா இல்லையா, சொல்லுங்கள்? அவர் என்ன சொன்னார் தெரியுமா? ஜீப்பில் எனக்குப் பின்னால் நின்றவர் குனிந்து என் காதில் கேட்கிறார்: "அண்ணாச்சி, நான் காசு வாங்கிட்டுத்தானே போர் போடுதேன்? வள்ளல்னா ஆளுக சிரிக்க மாட்டாகளா?"

அப்போதே எனக்குச் சீ என்று ஆகிவிட்டது.

ஜெயித்த பிறகாவது மாறுவார் என்று பார்த்தேன். எங்கே மாறினார்? ஒரு எம்.எல்.ஏ. என்றால் எப்படி இருக்க வேண்டும்? இவர் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு பைப் தூக்குகிறார். சேறு தெறித்த வேட்டியோடு மனு வாங்குகிறார். மனு கொடுக்கிறவனிடம் "பார்க்கிறேன்" என்று சொல்ல வேண்டும் தம்பி, அதுதான் பண்பு. இவர் அதே இடத்தில் "இது ஆகும்", "இது ஆகாது, அலையாதீக" என்று சொல்லி அனுப்பிவிடுவார். சால்வை கொண்டு வந்தால், "வெயில் இந்தக் கொளுத்து கொளுத்துது, இத வச்சு நான் என்ன செய்ய? ஒங்க அப்பாவுக்குப் போர்த்துங்க" என்பார். கொண்டு வந்தவன் முகம் செத்துவிடும். சென்னையில் விடுதி அறையில் தானே கஞ்சி வைத்துக் குடித்தார் என்று கேள்விப்பட்டேன். பார்க்கவே கூசியது. இவருக்காகவா நான் தொண்டை கிழியக் கத்தினேன் என்று இருந்தது.

ஹாரன் உங்கள் காரா? டிரைவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். வந்துகொண்டேதான் இருக்கிறேன், விஷயத்துக்கு.

எங்கள் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் என்பார்கள், தீப்பெட்டி செய்கிற கம்பெனியை. வடக்குத் தெரு தாண்டி ஒன்று இருந்தது. அவர் எம்.எல்.ஏ. ஆன மறு வருடம் அது பற்றிக்கொண்டது. மூன்று பெண்பிள்ளைகள் போய்விட்டார்கள். தீயணைப்பு வண்டி அடுத்த தாலுகாவிலிருந்து வர வேண்டும். வந்து சேர்ந்தபோது அணைக்க ஒன்றும் மிச்சமில்லை. அந்த மூன்று பேரில் ஒருத்தி முத்துக்கனி. பொன்னுத்தாயின் மூத்த மகள்.

இந்த ஊருக்கு ஏன் தீயணைப்பு நிலையம் இல்லை என்று கேட்டால், "இடம் இல்லை" என்பதுதான் அதிகாரிகள் சொல்லும் பதில். பொன்னுத்தாய்க்கு மெயின் ரோட்டோரம் கொஞ்சம் நிலம் இருந்தது. மகளுக்குக் கல்யாணத்துக்கு என்று வைத்திருந்தது. காரியம் முடிந்த கையோடு தங்கப்பழத்தின் லாரி நிற்கிற இடத்துக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"ஏய்யா, ரோட்டோர நெலத்த எடுத்துக்கிடுங்க. வண்டி நிறுத்த எடமில்லன்னு இனிமே எவனும் சொல்லக் கூடாது" என்றாள்.

"யோசிச்சுச் சொல்லு தாயி. இன்னொரு மக இருக்கா ஒனக்கு" என்றார் இவர்.

"யோசிச்சாச்சு."

இவர் கையிலிருந்த பைப்பைக் கீழே வைத்தார். பிறகு, "அசெம்பிளில கேட்டு வாங்கிட்டு வாரேன் தாயி. வாங்காம இந்த ஊருக்குள்ள ஓட்டுக் கேட்டு வர மாட்டேன்" என்றார்.

என்ன வாக்கு, பாருங்கள். கூட்டம் இல்லை, மைக் இல்லை, பத்திரிகைக்காரன் ஒருவன்கூட இல்லை. லாரிப் பக்கத்தில் நின்று ஒரு பெண்ணிடம் சொல்லி வீணாக்கிவிட்டார்.

சட்டசபையில் பேச நேரம் கிடைப்பது சுலபம் இல்லை. காத்துக் காத்து ஒரு வழியாகக் காவல், தீயணைப்பு மானியக் கோரிக்கை விவாதத்தில் கொறடா இவருக்கு நான்கு நிமிடம் வாங்கிக் கொடுத்தார். அதைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். வராமல்? அவருக்குத்தான் பேச வராதே.

"அண்ணாச்சி, நீங்கதான் எழுதிக் குடுக்கணும். நெறைய வேண்டாம். புள்ளைக செத்துப்போச்சு, வண்டி வரல, இப்ப நெலம் இருக்கு, நிலையம் குடுங்க. இம்புட்டுத்தான். இத மரியாதையா எழுதிக் குடுங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தை அடக்கிக்கொண்டேன். "எம்.எல்.ஏ., இது சட்டமன்றம். மளிகைக் கடையில் துவரம்பருப்பு அரைக் கிலோ என்று கேட்கிற மாதிரி கேட்க முடியாது" என்றேன். "தலைவரை வணங்காமல் வாயைத் திறந்தால் என்ன ஆகும் தெரியுமா?" என்றேன்.

அவர் முகம் மாறியது. அவருக்கும் தெரியும். நான் கதை விடவில்லை தம்பி. பக்கத்து மாவட்டத்தில் ஒரு ஒன்றியச் செயலாளர் தலைவரின் பட்டங்களில் ஒன்றை மறந்துவிட்டு மேடையை விட்டு இறங்கினார். பொங்கலுக்குள் அவர் பதவி போய்விட்டது. அதனால்தான் எல்லா உறுப்பினரும் தலைவரைப் பாடிவிட்டுத்தான் தொகுதிக்கு வருவார்கள். அது முறை. முறை என்று ஒன்று இருந்தால் அதை ஒழுங்காகச் செய்ய வேண்டாமா?

மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். அப்படி ஒரு முன்னுரையை நான் அதற்கு முன்னும் எழுதியதில்லை, பின்னும் எழுதியதில்லை. வணக்கத்திலேயே கடல் வரும், மலை வரும், சூரியன் வரும். தலைவர் பிறந்த ஊர், தலைவரின் தாயார், தலைவரின் சிறைவாசம், எல்லாம் படிப்படியாக ஏறும். அந்தப் படியில் ஏறி நின்றுதான் 'எங்கள் ஆவுடையூர்' என்று கீழே பார்க்க வேண்டும். தீயணைப்பு நிலையம் கடைசிப் பக்கத்தில். கடைசியில் சொல்வதுதானே மனதில் நிற்கும்? நான் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாசித்துப் பார்த்தேன். முழுசும் சரியாக நான்கு நிமிடம். ஒரு நொடி கூடவில்லை. அதனால் நேரத்தைப் பற்றி யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

அவர் வீட்டில் வைத்துப் பயிற்சி கொடுத்தேன். அவர் வாசித்தால் மாட்டுவண்டி மேடேறுகிற மாதிரி இருக்கும். கமாவுக்குக் கமா மூச்சு வாங்குவார். அவர் மனைவி ஜெயக்கொடி காப்பி கொண்டு வந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றார். அந்த அம்மாவுக்கு என்னை எப்போதும் ஆகாது.

"ஏங்க அண்ணாச்சி, இம்புட்டு நேரமா மால போட்டுக்கிட்டே இருக்கீக. பொன்னுத்தாய் மக எந்தப் பக்கத்துல வாரா?" என்றார்.

"வருவா தங்கச்சி, வருவா."

"அவ வர்றதுக்குள்ள காப்பி ஆறிடும் போல இருக்கே."

தங்கப்பழம் சிரித்துவிட்டார். பயிற்சி நடக்கிற இடத்தில் சிரிப்பு. பிறகு அவர் என்னிடம், "அண்ணாச்சி, அந்தக் கடைசிப் பக்கத்த மொதல்ல வச்சுக்கிட்டா என்ன?" என்று கேட்டார். நீங்களே சொல்லுங்கள், வீட்டுக்குக் கூரையை முதலில் போட்டுவிட்டு அஸ்திவாரத்தைப் பிறகு தோண்டுவார்களா? கண்டித்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தேன், எங்கள் தொழிலில் முக்கியமானது. கரண்டு போய் மைக் நின்றுவிட்டால், திரும்ப வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கக் கூடாது. தலைவரின் பெயர் யார் காதிலாவது விழாமல் போயிருக்கும். முதலிலிருந்து, வணக்கத்திலிருந்து, தொடங்க வேண்டும். முப்பது வருட அனுபவம் இது. இதை மட்டும் அவர் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "மைக்கு நின்னா மொதல்ல இருந்து. சரி அண்ணாச்சி."

மணி பார்க்கிறீர்கள். பார்க்காதீர்கள். கலெக்டர் அலுவலகம் எங்கே ஓடிவிடப் போகிறது? பொன்னுத்தாயிடம்தான் வந்துகொண்டிருக்கிறேன். அவளும் இந்தக் கதையில் சென்னைக்கு வருகிறாள்.

ஆமாம், அழைத்துக்கொண்டு போனார். "ஒம் மக பேர நான் அங்க சொல்லுதப்ப நீ கேக்கணும் தாயி" என்று சொல்லி அவளை ரயிலில் கூட்டிக்கொண்டு வந்தார். பார்வையாளர் மாடத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். புதுச் சேலை, மடிப்புக்கூடக் கலையவில்லை. பேசக் கூடாது, கைதட்டக் கூடாது, காலை ஆட்டக்கூடக் கூடாது அங்கே. கீழே குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பேரவைத் தலைவர் பெயரைக் கூப்பிட்டார். தங்கப்பழம் எழுந்தார். தொடங்கினார். நான் எழுதிய முதல் வாக்கியம் அந்த மண்டபத்தில் ஒலித்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது தம்பி. இந்தச் செவ்வேளின் சொல், கோட்டையில். கடலும் மலையும் வருகிற இடத்தில் ஆளும்கட்சி உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். தட்டு என்றால் அப்படி ஒரு தட்டு. அவர் நிறுத்திக்கொண்டு நின்றார். சூரியன் வருகிற இடத்தில் மறுபடி தட்டினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பொன்னுத்தாய் என் பக்கம் சாய்ந்து, "முத்துக்கனி எப்ப வருவா?" என்று கேட்டாள்.

"அடுத்த பக்கம்" என்றேன்.

அவர் தலைவரின் சிறைவாசத்தை வாசித்துக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது. பேரவைத் தலைவர், "உறுப்பினர் முடிக்க வேண்டும்" என்றார். இவர் நிமிர்ந்து பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். பக்கத்தைப் புரட்டினார். புரட்டுவதற்குள் மைக்கை நிறுத்திவிட்டார்கள். வாய் அசைகிறது, சத்தம் இல்லை.

பேரவைத் தலைவர் நல்ல மனிதர். "முதல் முறை பேசுகிறார், ஒரு நிமிடம் தருகிறேன். கோரிக்கையை மட்டும் சொல்லுங்கள்" என்றார். மைக் திரும்ப வந்தது.

தங்கப்பழம் காகிதத்தை முதல் பக்கத்துக்குத் திருப்பி, "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, எங்கள் குலவிளக்கே" என்று வணக்கத்திலிருந்து தொடங்கினார்.

எதிர்க்கட்சி வரிசையில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். என்னிடம் கற்றுக்கொண்டதில் அந்த ஒன்றை மட்டும்தான் அவர் நான் சொன்னபடி செய்தார். கடல் முடிந்து மலைக்கு வருவதற்குள் மறுபடி மணி. "அமருங்கள். மீதியை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்." உட்கார்ந்துவிட்டார். நான் வாசித்தபோது நான்கு நிமிடம். அவருக்கு ஐந்து நிமிடம் கொடுத்தும் பாதி தாண்டவில்லை. மூச்சுப் பிடிக்கத் தெரியாதவனுக்கு எல்லாம் எதற்குப் பதவி?

இதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையான அருவருப்பு வந்தது. நெடுங்குளத்துக்காரர் ஒருவர் எழுந்தார். பக்கத்துத் தொகுதி, கூட்டணிக் கட்சி. வணக்கம் ஒரு வரி. தலைவருக்கு நன்றி ஒரு வரி. "நெடுங்குளத்தில் தீயணைப்பு நிலையம் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அரசு இடம் சும்மா கிடக்கிறது. அங்கே ஒன்று வேண்டும்." உட்கார்ந்துவிட்டார். ஒருவர்கூட மேசையைத் தட்டவில்லை. அது ஒரு பேச்சா? சோற்றில் உப்பு உண்டா, குழம்பு உண்டா? அமைச்சர் பதில் சொல்லும்போது, இந்த வருடம் புதிதாக நிலையம் வரும் ஊர்களை வாசித்தார். அதில் நெடுங்குளம் இருந்தது. ஆவுடையூர் இல்லை.

தமிழை மதிக்கிற அரசா இது என்று எனக்கு வெறுத்துவிட்டது.

வெளியே வராந்தாவில் தங்கப்பழம் வந்து நின்றார். வேர்த்துக் கொட்டியிருந்தது. "தாயி" என்றார். அதற்குமேல் வரவில்லை. சொன்னேனே, அவருக்குப் பேச வராது.

பொன்னுத்தாய்தான் பேசினாள். "நல்லாத்தான் பேசுனீக. எம் மக பேருதான் வரல."

கேட்டீர்களா? படிக்காத பெண். நன்றாக இருந்தது என்று அவளுக்கே தெரிந்திருக்கிறது. எழுதியவன் பக்கத்தில்தான் நிற்கிறான் என்பதற்காக நான் பெருமையடித்துக்கொள்ளவில்லை. பேசாமல் இருந்துவிட்டேன். அவள் ஊர் வருகிறவரை ரயிலில் ஒரு வார்த்தை பேசவில்லை. களைப்பு.

மீதியை எழுத்தில் கொடுத்தார் அவர். அமைச்சர் வீட்டு வாசலில் நின்றார். தீயணைப்புத் துறை இயக்குநர் அலுவலகத்துக்கு அலைந்தார். "இனிமேல் அடுத்த திட்டத்தில்தான்" என்று சொல்லிவிட்டார்கள். இந்த ஊர்க்காரர்கள் இருக்கிறார்களே, இவர்களைப் போல நன்றி கெட்டவர்களைப் பார்க்க முடியாது. 'எங்கள் தொகுதியின் சார்பாகக் கடலுக்கும் மலைக்கும் நிலையம் கேட்ட சட்டமன்ற உறுப்பினருக்கு நன்றி' என்று பேனர் வைத்தார்கள். அந்தக் கடலும் மலையும் என்னுடையவை என்று தெரிந்தே வைத்தார்கள். பயல்களுக்குத் தமிழைக் கேலி செய்யத் தெரிகிறது, எழுதத் தெரியவில்லை.

அடுத்த தேர்தலில் தலைமை அவருக்குச் சீட்டுக் கொடுக்கவில்லை. அவ்வளவு பாடியும் கொடுக்கவில்லை. ஏன் தெரியுமா? அவர் பேசியபோது தலைவர் அவையிலேயே இல்லையாம். டில்லியிலிருந்து யாரோ வந்திருந்தார்களாம். இது எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்தபோது இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆளில்லாத நாற்காலிக்கா அந்த முன்னுரை போனது?

ஆனால் ஒன்று. தங்கப்பழம் சீட்டுக் கேட்டு மனுவே போடவில்லை என்று ஜெயக்கொடி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். வாக்குக் கொடுத்தாராம், வாங்காமல் ஓட்டுக் கேட்டு வர மாட்டேன் என்று. ஐந்தே வருடம், ஒரே ஒரு பேச்சு, அதோடு அரசியல் முடிந்தது அவருக்கு. திரும்ப லாரிக்குப் போய்விட்டார். இப்போதும் பைப்தான் இறக்குகிறார். சரியான இடம்தான்.

எனக்கு அவர்மேல் என்ன கோபம் என்கிறீர்களா? கேட்கவில்லையா? சரி, நானே சொல்கிறேன். போன வருடம் எங்கள் ஊர்ப் பால்பாண்டி வீட்டுக் கல்யாணம். நான் மைக்கில் இருக்கிறேன். தங்கப்பழம் உள்ளே வருகிறார். பழையது எல்லாவற்றையும் மறந்து, "இதோ வருகிறார், வறண்ட பூமியில் ஊற்றெடுத்த..." என்று தொடங்கினேன். அவர் நேராக மேடைக்கு வந்தார். என் கையிலிருந்து மைக்கை மெதுவாக எடுத்தார். சுவிட்சை அணைத்தார். "அண்ணாச்சி, சாப்பிட்டீகளா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு மைக்கோடு பந்திக்குப் போய்விட்டார். இலைக்குப் பக்கத்தில் தண்ணீர் டம்ளர் மாதிரி வைத்துக்கொண்டு, பாயசம்வரை நிதானமாகச் சாப்பிட்டார். கல்யாண வீடே பார்த்தது. தாலி கட்டுகிற நேரத்தில் அறிவிக்க மைக் இல்லை. அதன் பிறகு எனக்குக் கல்யாண வீடுகளில் அழைப்புக் குறைந்துவிட்டது.

என் முப்பது வருடத்தை ஒரு மனிதர் இலையோரம் வைத்துவிட்டு எழுந்து போனார் தம்பி. இதைவிடக் கேவலம் ஒரு கலைஞனுக்கு உண்டா?

போன் அடிக்கிறது, எடுங்கள். எம்.எல்.ஏ. அம்மாவா? சொல்லுங்கள், செவ்வேள் அண்ணாச்சியோடுதான் இருக்கிறேன் என்று. நீங்கள் பேசிக்கொண்டே கேளுங்கள், எனக்கு ஒன்றும் இல்லை. இதோ பொன்னுத்தாய்க்கே வந்துவிட்டேன்.

அவள் ஊரைவிட்டுப் போய்விட்டாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. நிலத்தை மட்டும் விற்கவில்லை, நீங்கள் பார்த்திருப்பீர்கள், முள்ளடைத்து அப்படியே கிடக்கிறது. போன சித்திரையில் ஓர் ஊரில் கோயில் கொடை, அதுதான் எங்கள் பக்கத்துத் திருவிழா. நான்தான் மைக். சாமி ஊர்வலம் புறப்பட நேரமாகிவிட்டது, நான் கூட்டத்தைக் கட்டி வைத்திருக்கிறேன். பார்த்தால், பெண்கள் வரிசையில் பொன்னுத்தாய். இடுப்பில் பேரன். இறங்கிப் போய், "நல்லா இருக்கியா தாயி?" என்றேன்.

பேரனை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டாள். "இன்னும் பேசிட்டுத்தான் இருக்கீகளாய்யா?" என்றாள்.

பாருங்கள். எத்தனை வருடம் ஆகிவிட்டது. பட்டணத்தில் படித்தவர்கள் யாரும் என்னை அப்படி விசாரித்ததில்லை. அந்த அம்மாள் நினைவு வைத்திருக்கிறாள். "பேசிட்டுத்தான் இருக்கேன் தாயி, ஒங்க ஆசீர்வாதம்" என்றேன். அவள் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தத் தெருவிலேயே ஒரு வீட்டுக்குள் போய்விட்டாள். குழந்தைக்குத் தூக்கம் வந்திருக்கும்.

இன்னொன்றும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். உங்கள் எம்.எல்.ஏ. அம்மா இந்த நிலையத்துக்காகச் சட்டசபையில் பேச வேண்டி வந்தால், முன்னுரையை மட்டும் என்னிடம் விட்டுவிடுங்கள். அந்தப் பழைய முன்னுரை அப்படியே இருக்கிறது, பாதிக்குமேல் யார் காதிலும் விழாதது. தலைவர் பெயரை மட்டும் மாற்றினால்...

என்ன, எழுந்துவிட்டீர்கள்? யார் போனில்? கலெக்டர் ஆபீசா? அலுவலர் கிளம்பிவிட்டாரா? நிலம் காட்டாத ஊரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு அடுத்த ஊரைப் போட்டு அனுப்பிவிட்டார்களா? அதற்குள்ளா? ஐந்து நிமிடம் பொறுக்க மாட்டார்களா ஒரு ஊருக்காக? சே. இதற்குத்தான் சொல்கிறேன் தம்பி, இந்த நாட்டில் யாருக்கும் எதையும் முழுசாகக் கேட்கிற பொறுமை கிடையாது.

முகத்தை ஏன் அப்படி வைத்துக்கொள்கிறீர்கள்? அவசரம் என்றால் முதலிலேயே சொல்லியிருக்கலாமே.

பொன்னுத்தாய் மருதங்குளத்தில் சின்ன மகள் வீட்டில் இருக்கிறாள். பால் சொசைட்டிக்கு எதிர் வீடு. காரில் போனால் பத்து நிமிடம். இதைக் கேட்கவா இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீர்கள்?